ஸ்ப்ரூ புஷ்ஷும் நாசிலும்: வடசென்னைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஒரு டூல் ரூமில், உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்திப் பொருள் வார்க்கும் மோல்டை வடிவமைப்பதும், முடிந்த மோல்டை வாடிக்கையாளரின் மெஷினில் ஏற்றி முதல் ஷாட் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. மாதவரம், மணலி, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும், பொருளின் வெளிவடிவைத் தரும் கேவிட்டியைப் பற்றியோ உள்வடிவைத் தரும் கோரைப் பற்றியோ கேட்பதைவிட, உள்ளங்கையில் அடங்கும் ஸ்ப்ரூ புஷ்ஷைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஸ்ப்ரூ புஷ், நாசில்னு பேசுறீங்களே, எது எங்க இருக்கு சார்? நான் மெஷினுக்குப் புதுசு."

மெஷினின் பேரலிலிருந்து உருகிய பிளாஸ்டிக் வெளியேறும் முனையில் திருகி மாட்டப்பட்டிருக்கும், மூக்குப் போல உருண்ட எஃகுத் துண்டுதான் நாசில். அது வந்து அழுத்தி உட்காரும் குழி, மோல்டின் அசையாத பாதியில் பதிக்கப்பட்டிருக்கும் ஸ்ப்ரூ புஷ்ஷின் தலையில் இருக்கிறது. அந்தக் குழியின் நடுவிலிருந்து கூம்பாக (டேப்பராக) விரிந்து செல்லும் துளை வழியாகப் பிளாஸ்டிக், அதைக் கேவிட்டிகளுக்குக் கொண்டுபோகும் ரன்னர் என்ற வாய்க்காலுக்குப் போகிறது. துளைக்குள் இறுகி ரன்னரோடு சேர்ந்து வெளியே வரும் தண்டுக்கு ஸ்ப்ரூ என்று பெயர். புஷ்ஷின் தலையைச் சுற்றியிருக்கும் வளையம் லொகேட்டிங் ரிங். மெஷின் பிளேட்டில் உள்ள பெரிய துளைக்குள் அது நுழைந்து, மோல்டின் மையத்தையும் நாசிலின் மையத்தையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது.

கீழே வரும் பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை ஒன்றுதான்: நாசில் வாயிலிருந்து ரன்னர் வரை வழி அகலமாகிக்கொண்டே போக வேண்டும், எங்கும் குறுகக் கூடாது. இறுகிய ஸ்ப்ரூ அதே திசையில்தான் உருவப்படுகிறது என்பதால், அதன் பின்பகுதி ஓரிடத்தில் பருத்திருந்தாலும் முன்னால் உள்ள குறுகலைத் தாண்டி அது வெளியே வராது.

"பிளேட்லயே டேப்பரா ஓட்டை போட்டுட்டா ஆகாதா? தனியா ஒரு புஷ் எதுக்கு?"

ஆயிரம் இரண்டாயிரம் ஷாட்டுக்கு மட்டுமேயான மாதிரி மோல்டு என்றால் போடலாம். உற்பத்தி மோல்டில் கூடாது. நாசில் பல நூறு கிலோவிலிருந்து சில டன் வரையான விசையுடன் அதே இடத்தில் அழுத்துகிறது; பிளேட்டின் எஃகு அதைத் தாங்கும் அளவுக்குக் கடினமானது அல்ல, சில வாரங்களில் குழி நசுங்கிவிடும். மேலும், மேல் பிளேட்டையும் கேவிட்டி பிளேட்டையும் ஊடுருவிச் செல்லும் துளையில் இரண்டு பிளேட்டுகளும் சேரும் இடத்தில் ஓர் இணைப்புக் கோடு விழும். அழுத்தத்தில் பிளாஸ்டிக் அதற்குள் மெல்லிய தகடாகப் புகுந்துகொண்டால் ஸ்ப்ரூ அங்கேயே பிடித்துக்கொள்ளும். புஷ் என்பது இணைப்பில்லாத ஒரே குழாய். தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

"நாசில் ரேடியஸும் புஷ் ரேடியஸும் ஒண்ணா இருந்தாத்தானே நல்லா உக்காரும்?"

அதிகமாகக் கேட்கப்படுவதும், பதிலைக் கேட்ட பிறகும் பலர் நம்ப மறுப்பதும் இந்தக் கேள்விதான். இரண்டும் கணக்காக ஒரே அளவில் இருந்தால் நன்றாகத்தான் உட்காரும்; ஆனால் லேத்தில் கடைந்த இரண்டு துண்டுகள் கணக்காக ஒரே அளவில் அமைவதில்லை, ஏதாவது ஒன்று சற்றுப் பெரிதாகவே இருக்கும். ஆகவே எது பெரிதாக இருக்கலாம் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்துவிட வேண்டும். புஷ்ஷின் குழி ரேடியஸ், நாசிலின் ரேடியஸை விட 0.5 முதல் 1 மி.மீ. வரை பெரிதாக இருக்க வேண்டும். நாசில் 10 என்றால் புஷ் 10.5 அல்லது 11. அப்போது நாசில் துளையின் ஓரத்தை ஒட்டி, மையத்தில் தொடும்; அடைப்பு நமக்குத் தேவைப்படும் இடத்திலேயே விழும்.

இதைத் திருப்பிப் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். புஷ்ஷின் குழி ரேடியஸ் 10, குழி வாயின் விட்டம் 16 மி.மீ. என்று கொள்வோம், அதில் 11 ரேடியஸ் உள்ள நாசில் வந்து உட்காருகிறது. அது குழியின் வெளி விளிம்பில் மட்டும் தொடும், நடுவில் ஏறத்தாழ 0.55 மி.மீ. இடைவெளி நிற்கும். அந்த இடைவெளிக்குள் பிளாஸ்டிக் பரவி ஒரு சிறு குடை போல இறுகும். அந்தக் குடை 4 மி.மீ. துளை வழியாக எப்படி வெளியே வரும்? ஸ்ப்ரூ அசையாத பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

அத்துடன் விசையும் மாறுகிறது. 16 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 200 சதுர மி.மீ.; அதில் 1000 பார் அழுத்தம் விழுந்தால் நாசிலைப் பின்னுக்குத் தள்ளும் விசை 2 டன். மையத்தில் மட்டும் தொடும்போது 4 மி.மீ. வட்டத்தில் அதே அழுத்தம் தரும் விசை 130 கிலோவுக்கும் குறைவு. "இன்ஜெக்‌ஷன் அடிக்கும்போது கேரேஜ் (பேரலும் நாசிலும் ஏறி நிற்கும் பகுதி) பின்னால் போகிறது, மெஷினின் ஹைட்ராலிக் வீக்" என்று சொல்லி மெஷின்காரரைக் கூப்பிட்ட இடங்களில், பலமுறை குற்றம் ஒரு ரேடியஸ் கேஜில் பிடிபட்டிருக்கிறது. அதே நேரம் வித்தியாசத்தை அளவுக்கு மீறிக் கூட்டுவதும் தவறு. 10 ரேடியஸ் நாசிலை 20 ரேடியஸ் குழியில் வைத்தால் தொடும் கோடு மிகக் குறுகலாகி, எடை முழுவதும் துளையின் விளிம்பில் இறங்கி, விளிம்பு உள்நோக்கி நசுங்கும்.

"ஓட்டை சைஸ்ல எது பெருசு, எது சின்னது? எனக்கு எப்பவும் குழப்பம்ணா."

முதல் பதிலில் சொன்ன விதியை நினைவில் வைத்தால் குழப்பம் வராது. நாசிலின் துளை சிறியது, புஷ்ஷின் நுழைவுத் துளை அதைவிட 0.5 முதல் 1 மி.மீ. பெரியது. நாசில் 3.5 என்றால் புஷ் 4 அல்லது 4.5. நாசில் துளை பெரிதாக இருந்தால், துளைக்கு வெளியே ஒரு தொப்பி விளிம்பு இறுகி, உருவும்போது தடுக்கும் அண்டர்கட் ஆகிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 0.5 மி.மீ. வித்தியாசம் என்பது விட்டத்தில்தான். ஒரு பக்கத்துக்கு 0.25 மட்டுமே. மையம் 0.3 மி.மீ. விலகினால் ஒரு பக்கம் நாசில் துளை வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கும், பிறை நிலா வடிவில் ஓர் அண்டர்கட் உருவாகும். ஆகவே மெஷினின் மையத்தில் நம்பிக்கை இல்லாத பட்டறைக்குப் போகும் மோல்டுக்கு நான் முழு 1 மி.மீ. வித்தியாசம் வைத்துவிடுவேன்.

அதற்காக நாசில் துளையை மிகவும் சிறிதாக்கிவிடவும் கூடாது. துளை குறுகக் குறுக அழுத்த இழப்பு மிக வேகமாக ஏறும். விட்டம் பாதியானால் தண்ணீர் போன்ற திரவத்தில் இழப்பு 16 மடங்கு. பிளாஸ்டிக் வேகமாக ஓடும்போது இளகுவதால் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், பொருள் உராய்ந்து சூடாகி, நிறம் மாறி, ஸ்ப்ரூவுக்கு அருகில் கருகல் கோடுகள் தெரியும் அளவுக்குப் போகும்.

"டேப்பர் எவ்வளவு வைக்கணும்? ஒருத்தர் ரெண்டு டிகிரிங்கறார், ஒருத்தர் நாலுங்கறார்."

பெரும்பாலும் இருவரும் ஒரே அளவைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் ஒரு பக்கத்துக் கோணத்தையும் மற்றவர் இரு பக்கமும் சேர்ந்த மொத்தக் கோணத்தையும் சொல்கிறார். வரைபடத்தில் எது என்று எழுதாமல் விட்டதால் வீணான புஷ்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே மொத்தக் கோணம் என்று சொல்லாகவே எழுதிவிடுங்கள். வழக்கமான வரம்பு மொத்தக் கோணத்தில் 2 முதல் 4 டிகிரி. நைலான், பிபி (பாலிபுரொப்பிலீன்) போன்று நன்றாகச் சுருங்கும் பொருள்களுக்குக் குறைவாகப் போதும். அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்று விறைப்பானவற்றுக்குக் கூடுதலாக வைப்பது நல்லது.

கூடுதலாக வைத்தால் என்ன நட்டம் என்று கேட்பார்கள். நுழைவுத் துளை 4 மி.மீ., நீளம் 70 மி.மீ. என்றால், 2 டிகிரியில் அடிப்பகுதி 6.4 மி.மீ.; 3 டிகிரியில் 7.7, 4 டிகிரியில் 8.9. இறுகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 2 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குப் போனாலே ஸ்ப்ரூவின் அடி இறுக ஏறத்தாழ 40 சதவீதம் அதிக நேரம் ஆகும். அதே நேரம் அடிப்பகுதிக்கு ஒரு கீழ் வரம்பும் உண்டு. ஸ்ப்ரூ நேரடியாகப் பொருளில் இறங்கும் மோல்டில், பொருளின் அதிகபட்சத் தடிமனைவிட அடி விட்டம் 1.5 மி.மீ.யாவது பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொருள் இறுகுவதற்கு முன்பே ஸ்ப்ரூ இறுகி, நிரம்பிய பிறகும் தொடர்ந்து கொடுக்கும் ஹோல்டிங் அழுத்தம் உள்ளே போகாமல் பொருளில் குழி விழும்.

"பீஸ் எப்பவோ ஆறிடுது, ஸ்ப்ரூ ஆறத்தான் நேரமாவுது. சைக்கிள் டைமே அதுல போவுது."

ஸ்ப்ரூவின் நீளத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. மேல் பிளேட் 27, கேவிட்டி பிளேட் 56 என்றால் வழக்கமான புஷ்ஷில் ஸ்ப்ரூ 83 மி.மீ. நீளம். புஷ்ஷின் தலையை 40 மி.மீ. உள்ளே இறக்கி, நீண்ட நாசிலை மோல்டுக்குள் அனுப்பினால் ஸ்ப்ரூ 43 மி.மீ. ஆகும். நுழைவு 4 மி.மீ., மொத்தக் கோணம் 3 டிகிரி என்ற கணக்கில் அடி விட்டம் 8.35-லிருந்து 6.25-ஆக இறங்குகிறது, இறுகும் நேரம் கிட்டத்தட்ட பாதியை நெருங்குகிறது. ஷாட்டுக்கு 1.7 கன செ.மீ. பொருளும் மிச்சம், பிபி-யில் அது சுமார் 1.5 கிராம், ஆயிரம் ஷாட்டுக்கு ஒன்றரைக் கிலோ. ஸ்ப்ரூவை அரைத்துத் திரும்பப் போட்டுக்கொள்கிறோம் என்பார்கள். அரைக்கும் மின்சாரமும் ஆளும் அரைத்த குருணையால் வரும் தரக் குறைவும் கணக்கில் வருவதில்லை.

நீண்ட நாசிலுக்கு முனை வரை ஹீட்டர் பேண்ட் வேண்டும், அதன் வயர் நசுங்காமல் போக வழியும் வேண்டும், நாசிலைச் சுற்றிப் பள்ளத்தில் தாராளமான இடைவெளியும் வேண்டும். இடைவெளி போதாமல் ஹீட்டர் பேண்ட் பள்ளத்தின் சுவரை உரசினால் சூடு முழுவதும் பிளேட்டுக்குப் போய்விடும். இது முடியாத மோல்டில், குழிப் பகுதி மட்டும் எஃகாகவும் உடல் செப்புக் கலவையாகவும் உள்ள புஷ்ஷைப் போடலாம். செப்புக் கலவை எஃகைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் புஷ்ஷுக்கு அருகில் தண்ணீர் வழி இல்லையென்றால் அந்தச் செலவு வீண்.

"புஷ்ஷுக்கு எந்த ஸ்டீல்? ஹார்ட்னஸ் எவ்வளவு?"

ஓஎச்என்எஸ், ஈஎன் 31, எச் 13 ஆகிய எஃகு வகைகளில் எதுவும் சரி. ராக்வெல் சி அளவில் 48 முதல் 52. அடிக்கடி சூடேறிக் குளிரும் இடம் என்பதால் எச் 13-ஐத்தான் நான் விரும்புகிறேன். நாசில் புஷ்ஷைவிடச் சற்று மென்மையாக இருக்கட்டும். இரண்டில் ஒன்று நசுங்க வேண்டுமென்றால், மோல்டை இறக்காமலே கழற்றி லேத்தில் சரிசெய்யக்கூடிய நாசில் நசுங்குவதே நமக்கு லாபம்.

"பாலிஷ் கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனாலும் ஸ்ப்ரூ பிக்ஸட் சைடுலயே மாட்டிக்குது."

பாலிஷைக் குறை சொல்வதற்கு முன், மாட்டிக்கொண்ட ஸ்ப்ரூவின் பின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். முனையில் குடை போன்ற தகடு இருந்தால் ரேடியஸ் தவறு. சுற்றிலும் சீரான விளிம்பு இருந்தால் நாசில் துளை பெரியது. ஒரு பக்கம் மட்டும் பிறை போல இருந்தால் மையம் விலகியிருக்கிறது. முனை சுத்தமாக இருந்து, உடம்பில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்தால்தான் பாலிஷைக் குறை சொல்லலாம்.

அந்த வளையக் கோடுகள், புஷ்ஷை லேத்தில் சுழலவிட்டு எமரி பிடித்ததால் வருபவை. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு கோடும் உருவப்படும் திசைக்குக் குறுக்கே நிற்கும் நுண்ணிய படிக்கட்டு. கடைசிப் பாலிஷ் எப்போதும் துளையின் நீளவாக்கில், டேப்பராகச் சீவிய மரக்குச்சியில் டைமண்ட் பேஸ்ட் தடவி, முன்னும் பின்னுமாகத்தான் போட வேண்டும். மின்பொறியால் எஃகை அரித்தெடுக்கும் வயர் கட்டிலோ ஈடிஎம்மிலோ எடுத்த துளைக்கும் இதுவே.

இவையெல்லாம் சரி என்றால் அசையும் பக்கத்தைப் பாருங்கள். ஸ்ப்ரூவை இழுக்கும் புல்லர் பின்னின் தலைகீழ் டேப்பர் தேய்ந்திருக்கலாம், அல்லது நாசில் முனையில் குளிர்ந்த துளி விழ வேண்டிய கிணறு ஆழமில்லாமல் இருக்கலாம். கிணற்றின் ஆழம் ஸ்ப்ரூவின் அடி விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மாட்டிய ஸ்ப்ரூவை எடுக்க, பழுக்கக் காய்ச்சிய இரும்புத் திருகைக் குத்தி இழுப்பதும், நாசில் பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியால் அடிப்பதும் நம் பட்டறைகளில் அன்றாடம் நடப்பவை. ஒரு முறை விழும் கீறல் அடுத்த ஆயிரம் ஸ்ப்ரூவையும் பிடித்து வைக்கும் என்பதால், மெஷினுக்கு மெஷின் ஒரு பித்தளைக் கம்பியைக் கட்டித் தொங்கவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

"புஷ் நீளம் பிளேட்டுக்குச் சமமா வைக்கணுமா? டவல் பின் எதுக்கு போடுறாங்க?"

புஷ்ஷின் முகம் அறை வெப்பத்தில், மோல்டின் இரு பாதிகளும் பிரியும் தளத்துக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை உள்ளே இருக்கட்டும். 80 மி.மீ. புஷ், சுற்றியுள்ள பிளேட்டைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.04 மி.மீ. நீளும்; அது வெளியே நீட்டிக்கொண்டால் மோல்டு மூடும்போது எதிர்ப் பக்கத்தை அடிக்கும். புஷ்ஷின் முகத்திலேயே ரன்னர் வெட்டப்பட்டிருந்தால், புஷ் சுழலாமல் பிடிக்கும் டவல் பின் கட்டாயம். இல்லையென்றால் புஷ் சிறிது சுழன்றாலும் ரன்னர் வழி தவறி, ஒரு கேவிட்டி பட்டினி கிடக்கும்.

"நாசில் ஒண்ணு ஒழுகுது, இல்லைன்னா உறைஞ்சு போவுது. நடுவுல நிக்கவே மாட்டேங்குது சார்."

நாசில் ஒரு பக்கம் 200 டிகிரிக்கு மேல் இருக்கிறது. மறுபக்கம் 40 அல்லது 50 டிகிரியில் உள்ள புஷ்ஷைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் நாசிலின் பின்பகுதியில் இருந்தால், முனை குளிர்ந்துபோனதை அது அறியவே அறியாது. ஆப்பரேட்டர் சூட்டை ஏற்றுவார், பின்பகுதி கொதித்து, முனை திறந்தவுடன் ஒழுகும். ஆகவே முதலில் தெர்மோகப்பிளையும் ஹீட்டர் பேண்டையும் முனைக்கு அருகே கொண்டுவாருங்கள். குழியில் மையத்தில் மட்டும் தொடும் சரியான ரேடியஸ், சூடு கசிவதையும் குறைக்கும்.

அதன் பிறகும் உறைந்தால், பேரலுக்குள் சுழலும் ஸ்க்ரூ பொருளை ஏற்றி முடித்ததும் நாசிலைப் புஷ்ஷிலிருந்து பின்னுக்கு இழுக்கும்படி செட் செய்யலாம். ஒழுகினால் சக் பேக்கை (ஸ்க்ரூவைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பதை) சிறிது கூட்டலாம். அதிகம் கூட்டினால் காற்று உள்ளே போய்ப் பொருளில் வெள்ளிக் கோடுகள் வரும்.

"அதே நாசில்ல நைலானும் பிவிசியும் அடிக்கலாமா?"

வேண்டாம். நைலான் உருகியதும் தண்ணீர் போல ஓடும், உறைந்தால் சட்டென்று உறையும். அதற்கு முனையை நோக்கி விரியும் துளையுள்ள நாசில் ஏற்றது. உறைந்த துளி ஸ்ப்ரூவோடு சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஒழுகலைத் தடுக்க மூடித் திறக்கும் ஷட் ஆஃப் நாசிலும் போடலாம்.

பிவிசிக்கு ஷட் ஆஃப் நாசில் ஆபத்து. பொருள் தேங்கும் மூலை எங்கிருந்தாலும் அங்கே அது கருகி, ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை வெளியிடும். அது எஃகை அரிக்கும், மூச்சுக்கும் கேடு. திறந்த, நேர்வழியான, துளை பெரிதான நாசில் வேண்டும்; புஷ் துருப்பிடிக்காத எஃகில் அல்லது குரோம் பூச்சில் இருக்கட்டும். கண்ணாடி இழை கலந்த நைலானுக்கு இன்னொரு கவனம்: நாசில் துளை அரிபட்டுப் பெரிதாகிக்கொண்டே போகும், ஒரு நாள் புஷ்ஷின் துளையைத் தாண்டிவிடும். மாதம் ஒரு முறை துளையை அளக்கும் பிளக் கேஜ் போட்டுப் பாருங்கள்.

"எங்க மோல்டு ஜாப் ஒர்க்குக்கு மூணு பட்டறைக்குப் போவுது. ஒரு இடத்துல ஓடுது, இன்னொரு இடத்துல ஸ்ப்ரூ ஒட்டுது."

வடசென்னையில் இது அன்றாடக் கதை. இந்த வாரம் கொடுங்கையூரில் ஓடிய மோல்டு அடுத்த வாரம் மாதவரத்தில் ஏறும்; அங்குள்ள நாசிலின் ரேடியஸ் 15-ஆக இருக்கும், துளை யாரோ ட்ரில் விட்டுப் பெரிதாக்கியதாக இருக்கும். மோல்டைச் செய்தவர்மீது புகார் வரும். மேல் பிளேட்டின் பக்கவாட்டில் மூன்று எண்களைப் பொறித்துவிடுங்கள்: குழி ரேடியஸ், நுழைவுத் துளை, லொகேட்டிங் ரிங் விட்டம். ஏற்றுவதற்கு முன் நாசிலை அளந்து ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

மையத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். பார்சல் அட்டையின் ஒரு துண்டைப் புஷ்ஷின் குழியில் வைத்து நாசிலை மெதுவாகத் தொடவிட்டால், அச்சு வட்டமாக, துளையைச் சுற்றிச் சமமாக விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுந்தியிருந்தால் பேரலின் மையத்தைத் திருத்துங்கள். ரிங் மெஷின் துளையைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. சிறிதாக இருப்பது சரி. ரிங்கே இல்லாமல் கண்ணால் மையம் பார்த்து ஏற்றுவது சரியல்ல.

"அமெரிக்காவுல இருந்து வந்த மோல்டு. ரேடியஸ் கேஜ் எதுவுமே சரியா சேர மாட்டேங்குது."

அது அங்குல அளவு. அங்கே வழக்கமான குழி ரேடியஸ் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ.; பெரிய மெஷின்களுக்கு முக்கால் அங்குலம், 19.05 மி.மீ. புஷ்ஷைத் தொடாதீர்கள், 12 அல்லது 18 ரேடியஸில் ஒரு நாசிலைக் கடைந்து, அந்த மோல்டோடு பெட்டியில் போட்டு வையுங்கள். ரிங்கும் 101.35 மி.மீ. இருக்கக்கூடும், 100 மி.மீ. துளையில் நுழையாது. ரிங்கைத்தான் மாற்ற வேண்டும், மெஷின் பிளேட்டை அல்ல.

"புயல் வெள்ளத்துல நின்ன மோல்டு. துடைச்சு எண்ணெய் போட்டுட்டோம், ஆனா ஸ்ப்ரூ மட்டும் வரவே மாட்டேங்குது."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் நின்ற பட்டறைகளிலிருந்து இந்தக் கேள்வி வரிசையாக வந்தது. வெள்ளம் இல்லாமலேயே, காசிமேடு முதல் எண்ணூர் வரை கடற்காற்று படும் கொட்டகைகளில், பொங்கல் விடுமுறைக்கு மோல்டை அப்படியே விட்டுவிட்டு வந்தாலும் இதேதான் நடக்கிறது. கேவிட்டியைத் துடைப்பவர்கள் ஸ்ப்ரூ துளைக்குள் துணி விடுவதில்லை; உள்ளே தங்கிய ஈரம் ஊசிமுனைக் குழிகளாக எஃகைத் தின்றுவிடும். புஷ்ஷைக் கழற்றி, சிறு டார்ச்சின் வெளிச்சத்தில் துளையைப் பாருங்கள். சாயம் போன்ற மேல் துரு என்றால் முன்பு சொன்ன மரக்குச்சிப் பாலிஷ் போதும்.

துருக் குழி ஆழமாக இருந்தால் துளையை ஒரு படி பெரிய டேப்பரில் ஈடிஎம் வைத்து எடுத்துப் பாலிஷ் போடலாம். நாசிலுக்கும் புஷ்ஷுக்கும் உள்ள துளை வித்தியாசம் இதனால் கூடுமே தவிரக் குறையாது, ஆகவே அண்டர்கட் பயம் இல்லை. ஸ்ப்ரூவின் அடி பருப்பதால் இறுகும் நேரம் மட்டும் சற்று ஏறும். அடி விட்டம் அரை மி.மீ.க்கு மேல் கூடும் என்று தெரிந்தால் புது புஷ் போடுவதே மலிவு. எது செய்தாலும், மோல்டை மீண்டும் அலமாரியில் வைக்கும்போது துளைக்குள் ஆண்டி ரஸ்ட் ஸ்ப்ரே அடித்து, குழியின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்தி, ரிங்கின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.